கோல், அட்டவணை, சதுரம்: ராமச்சந்திரன் வரைபடம் உருவான விதமும் கற்பிக்கப்படும் விதமும்

சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையைச் சேர்ந்த ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஐந்தே பக்கங்கள் கொண்டது. அதிலிருந்து தோன்றிய சதுர வரைபடம் இன்று புரதத்தைப் பற்றிப் பேசும் உயிர்வேதியியல் பாடநூல்களில் தவறாமல் இடம்பெறுகிறது. சிஎஸ்ஐஆர் நெட் தேர்வின் உயிரறிவியல் பாடத்திட்டத்தில் முதல் அலகிலேயே அதன் பெயர் உண்டு. முதுகலை மாணவரைக் கேட்டால் தயங்காமல் விடை வரும்: இடப்பக்க மேற்பகுதி பீட்டா தகடு, இடப்பக்கக் கீழ்ப்பகுதி வலஞ்சுழி ஆல்ஃபா சுருள், வலப்பக்க மேற்பகுதியில் சிறு திட்டாக இடஞ்சுழிச் சுருள். விடை சரியானது, மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். சதுரத்தின் முக்கால் பங்கு ஏன் வெறுமையாக இருக்கிறது, அங்கே எந்த அணு எந்த அணுவோடு மோதுகிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

இந்த அமைதிக்கு மாணவரின் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. அந்தச் சதுரம் ஒரு நீண்ட வரிசையின் கடைசி உருவம். அதற்கு முன் எக்ஸ்-கதிர்ப் படங்கள் இருந்தன. கோலும் உருண்டையும் கொண்டு கட்டிய மாதிரிகள் இருந்தன. அணுக்களுக்கு இடைப்பட்ட தூரங்களின் அட்டவணை இருந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல நேர்ந்த கட்டாயத்திலிருந்தே ஒவ்வொரு உருவமும் பிறந்தது. வகுப்பறை அந்த வரிசையின் முன்பகுதியை முழுவதும் நீக்கிவிட்டு, இறுதி உருவத்தை மட்டும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறது. மாதிரிகளையும் பலவகைச் சித்திரிப்புகளையும் கொண்டு உயிரியல் கற்பிப்பது பற்றி இன்று நடைபெறும் விவாதங்களுக்கு இதைவிடப் பொருத்தமான இந்திய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கதையைச் சற்று முன்னிருந்து தொடங்க வேண்டும். 1948இல் ஆக்ஸ்ஃபோர்டில் வருகைப் பேராசிரியராக இருந்த லைனஸ் பாலிங், சளிப்பிடித்துப் படுக்கையில் கிடந்தபோது, ஒரு தாளில் பாலிபெப்டைடு சங்கிலியை வரைந்து, அதை மடித்து மடித்துப் பார்த்தார். அணுக்களின் பிணைப்பு நீளங்களும் கோணங்களும் அவருக்கு ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்திருந்தன. அதைவிட முக்கியமாக, பெப்டைடு பிணைப்பைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் அமைய வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. அந்தத் தளம் முறுகாது. அதற்கு இருபுறமும் உள்ள பிணைப்புகளே சுழலும். 1950இல் கேம்பிரிட்ஜில் பிராக், கெண்ட்ரூ, பெரூட்ஸ் ஆகியோர் இதே கேள்விக்குப் பல சுருள் வடிவங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டனர், எதுவும் நிலைக்கவில்லை. பெப்டைடு தளம் சமமானது என்ற நிபந்தனை அவர்களது மாதிரிகளில் இல்லை. ஒரு சுற்றுக்கு இத்தனை அமினோ அமிலங்கள் என்பது முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்று படிகவியல் பழக்கத்தில் கருதிவிட்டனர். ஆல்ஃபா சுருளில் அந்த எண் 3.6. பித்தளையில் கட்டியதா, தாளில் மடித்ததா என்பது இங்கே பொருட்டன்று. எந்த நிபந்தனை மாதிரிக்குள் வைக்கப்பட்டது என்பதே விடையைத் தீர்மானித்தது.

தாளுக்கும் ஒரு குறை இருந்தது. பாலிங் 1951இல் வெளியிட்ட ஆல்ஃபா சுருளின் படம் இடஞ்சுழியாக வரையப்பட்டிருந்தது. இயற்கைப் புரதங்களில் காணப்படுவது வலஞ்சுழி. பக்கச் சங்கிலிகளைக் கருதாமல் முதுகெலும்புச் சங்கிலியை மட்டும் மடித்துப் பார்க்கும் வரையில் வலமும் இடமும் ஒன்றுபோலவே பொருந்தும். ஆகவே அந்தத் தாளால் அந்த வேறுபாட்டைச் சொல்ல இயலவில்லை. ஒரு சித்திரிப்பு எதைக் காட்டுகிறது என்பதைப் போலவே எதைச் சொல்ல அதற்கு வாயில்லை என்பதும் கற்பிக்கத்தக்க செய்திதான்.

சென்னையில் வேலை தொடங்கியது 1952இல். துணைவேந்தர் ஏ.எல். முதலியாரின் அழைப்பின்பேரில் இயற்பியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயதுதான். சி.வி. ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று திரும்பியவர். அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத சிக்கலாக இருப்பதை அவரது கவனத்திற்குக் கொண்டுவந்தார். பதப்படுத்தப்படும் தோலின் அடிப்படைப் புரதம் கொலாஜன். 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அதே நகரில் இருந்தது. கங்காருவின் வால் தசைநாரிலிருந்து கிடைத்த நல்ல எக்ஸ்-கதிர்ப் படங்களைக் கொண்டு ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் 1954இல் மூன்று சங்கிலிகள் இணைந்த அமைப்பை முன்மொழிந்தனர். 1955இல் அதைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறுபோல் அமைவதாகக் காட்டினர்.

கயிறு என்னும் உவமை வகுப்பில் எளிதில் எடுபடும். ஆனால் அதில் ஒரு நுட்பம் தவறிவிடுகிறது. மூன்று சங்கிலிகளும் மையத்தில் நெருங்குவதால், ஒவ்வொரு மூன்றாவது இடமும் கயிற்றின் உட்பக்கம் வந்து விழுகிறது. அங்கே பக்கச் சங்கிலிக்கு இடமே இல்லை. ஆகவே பக்கச் சங்கிலியாக ஒரு ஹைட்ரஜனை மட்டுமே கொண்ட கிளைசின்தான் அங்கே அமர முடியும். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது வேதிப் பகுப்பாய்வு தந்த எண். அந்த எண்ணுக்குக் காரணம் கூறியது மாதிரி. முதல் வகைக் கொலாஜனில் அந்தக் கிளைசின்களில் ஒன்று மாறிப்போனாலும், எலும்பு எளிதில் முறியும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்னும் பிறவி நோய் உண்டாகக்கூடும். மருத்துவக் கல்லூரியில் நோயின் பெயரும் மரபணு மாற்றமும் ஒரு தாளிலும், மூன்று சங்கிலிச் சுருள் வேறொரு தாளிலும் கற்பிக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே செய்தி என்பதை இணைத்துக்கொள்ளும் வேலை மாணவரிடமே விடப்படுகிறது.

இனித்தான் கதையின் திருப்பம். 1955இன் இறுதியில் ரிச்சும் கிரிக்கும் தங்கள் கொலாஜன் அமைப்பை வெளியிட்டு, சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று குறை கூறினர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றது சென்னை மாதிரி. ஒன்றுதான் இயலும் என்றனர் இவர்கள். இந்தக் குறையை ராமச்சந்திரன் எதிர்கொண்ட விதத்தில்தான் அறிவியல் கற்பித்தலுக்கான பாடம் இருக்கிறது. அவர் மாதிரியை மேலும் அழகாகக் கட்டிக் காட்டவில்லை. அளவுக்கு மீறிய நெருக்கம் என்றால் எவ்வளவு என்று கேட்டார். அதற்கு அப்போது முறையான விடை யாரிடமும் இல்லை. எனவே, அதுவரை அமைப்பு அறியப்பட்டிருந்த அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் முதலியவற்றின் படிகங்களைத் துருவி, கார்பனும் கார்பனும், கார்பனும் ஆக்சிஜனும், நைட்ரஜனும் ஆக்சிஜனும் எவ்வளவு தூரம்வரை நெருங்குகின்றன என்று தொகுத்தனர். இயல்பான எல்லை, கடைசி எல்லை என இரண்டு வரம்புகள் கொண்ட அட்டவணை உருவானது. கோலும் உருண்டையும் கொண்ட மாதிரி எழுப்பிய வழக்கு எண்களின் மன்றத்துக்குச் சென்றது.

அட்டவணை கைக்கு வந்ததும் கேள்வி கொலாஜனை விட்டு அகன்று விரிந்தது. எந்தப் புரதமானாலும், அடுத்தடுத்த இரண்டு பெப்டைடு தளங்கள் ஒரு கார்பன் அணுவில் சந்திக்கின்றன. அந்தக் கார்பனின் இருபுறமும் உள்ள பிணைப்புகளில் சுழற்சி நிகழ்கிறது; அந்த இரண்டு முறுக்குக் கோணங்களை இன்று ஃபை, சை என்று அழைக்கிறோம். ஒவ்வொரு ஃபை, சை இணைக்கும் அணுக்களின் இடத்தைக் கணக்கிட்டு, எந்தத் தூரமாவது வரம்புக்குக் கீழே செல்கிறதா என்று பார்த்தனர். செல்லாத இடங்களைச் சதுரத்தில் கோடிட்டு அடைத்தனர். அணு அளவில் அமைப்பு அறியப்பட்ட புரதம் அப்போது ஏறத்தாழ மயோகுளோபின் ஒன்றே. அதுவும் 1960இல் வந்தது. ஆயிரக்கணக்கான புரதங்களைப் பார்த்துத் தொகுத்த புள்ளிவிவரப் படமன்று இது. புரதங்களைப் பார்க்கும் முன்பே, இன்னின்ன வடிவங்கள் இயலா என்று வரையறுத்த படம்.

கொலாஜன் வழக்கின் தீர்ப்பையும் சொல்லிவிடலாம். பின்னர் வந்த படிக ஆய்வுகள் மூன்றுக்கு ஒரு நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு என்பதையே உறுதிசெய்தன. மூன்று சங்கிலி முறுக்கு என்னும் சென்னையின் அடிப்படைக் கருத்து நின்றது. இரண்டாவது பிணைப்பு நிற்கவில்லை. அந்தப் பூசலின் துணை விளைபொருளாக வந்த சதுரமோ மூலச் சிக்கலையே மிஞ்சி வளர்ந்தது.

இந்தச் சதுரம் எதை விட்டுவிடுகிறது என்பதையும் வகுப்பில் பேச வேண்டும். முதலாவது, அது உண்மையில் சதுரமே அன்று. கோணம் −180ஆக இருந்தாலும் +180ஆக இருந்தாலும் ஒன்றே. ஆகவே மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே கோடு. இட விளிம்பும் வல விளிம்பும் அவ்வாறே. தாளை முதலில் குழலாகச் சுருட்டி, பிறகு குழலின் இரு வாய்களையும் சேர்த்து வளையமாக்கினால்தான் வரைபடத்தின் மெய்யான பரப்பு கிடைக்கும். உளுந்து வடையின் மேற்பரப்பைப் போன்றது அது. பீட்டா பகுதி மேல் விளிம்பைத் தாண்டிக் கீழே சிறு துண்டாகத் தலைகாட்டுவதைத் தனியான ஒரு பகுதி என்று மாணவர் கருதிவிடுவதற்குக் காரணம், வடையைத் தட்டையாக்கி வெட்டிய கதையை யாரும் சொல்லாததே. இரண்டாவது, ஒவ்வொரு அமினோ அமிலமும் ஒரு புள்ளியாகிவிடுவதால் சங்கிலியின் வரிசை மறைந்துவிடுகிறது. எந்தப் புள்ளிக்கு அடுத்தது எது என்று வரைபடம் சொல்லாது. மூன்றாவது, கிளைசினுக்கு மட்டும் வரைபடம் ஏன் மையத்தைச் சுற்றிச் சமச்சீராக விரிகிறது என்பதைச் சதுரத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அறிய முடியாது. பக்கச் சங்கிலி இல்லையென்றால் அந்தக் கார்பனுக்கு இடமும் வலமும் இல்லை என்பதைக் கையில் மாதிரியை வைத்துத் திருப்பியவரே காண்பார்.

பிற சித்திரிப்புகளுக்கும் இப்படித் தனித்தனிக் கணக்கு உண்டு. கெண்ட்ரூவின் குழு 1957இல் மயோகுளோபினை பிளாஸ்டிசின் களிமண்ணில் குடல்போல் வளைத்துக் கட்டியது. சங்கிலியின் ஓட்டம் தெரிந்தது, அணு தெரியவில்லை. அடுத்து, ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு 5 செ.மீ. என்ற அளவில் ஏறத்தாழ 2500 செங்குத்துக் கம்பிகளை நட்டு, எலக்ட்ரான் அடர்த்தியை நிறக் கவ்விகளால் குறித்து, அந்தக் கம்பிக் காட்டுக்குள் அணு மாதிரியைப் பொருத்தினார்கள். அணு தெரிந்தது, கம்பிகள் மறைத்ததால் முழு வடிவம் கண்ணுக்கு எட்டவில்லை. 1981இல் ஜேன் ரிச்சர்ட்சன் கையால் வரைந்து நிலைநிறுத்திய நாடாப் படங்கள் அந்தக் குறையைப் போக்கின. சுருள் நாடாவாகவும், பீட்டா இழை அம்பாகவும், மடிப்பின் ஒழுங்கு ஒரே பார்வையில் புலப்பட்டது. ஆனால் நாடாப் படத்தை மட்டும் பார்த்து வளரும் மாணவர் புரதத்தின் உள்ளே காற்றோட்டமான வெற்றிடம் இருப்பதாக நம்பிவிடுகிறார். உண்மையில் அங்கே அணுக்கள் படிகத்தில் இருப்பது போல நெருக்கமாக அடைந்து கிடக்கின்றன.

ஒரு மாதிரி எல்லாவற்றையும் ஒத்திருக்க வேண்டியதில்லை என்ற தெளிவு இந்தியக் கற்பித்தல் மரபுக்குப் புதிதன்று. அறுவைப் பயிற்சியைப் பற்றிப் பேசும் சுசுருத சங்கிதைப் பகுதி இதற்கு நல்ல சான்று. வெட்டிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி. பிளந்து பழக நீரும் சேறும் நிறைத்த தோற்பை. துழாவிப் பழகப் புழு அரித்த மரமும் மூங்கிலும். தைத்துப் பழகத் தடித்த துணியின் ஓரமும் மென்தோலும். கட்டுப் போட்டுப் பழக ஆள் உருவப் பொம்மை. எந்தப் பொருளும் உடலை முழுமையாக ஒத்ததன்று. ஒவ்வொன்றும் உடலின் ஒரே ஒரு பண்பை மட்டும் எடுத்துக்கொண்டது. அதே நூல், உடலை நீரில் இட்டு ஊறவைத்து உறுப்புகளை நேரில் பார்க்கும் முறையையும் கூறி, கண்ணால் கண்டதும் நூலால் அறிந்ததும் இணைய வேண்டும் என்று வற்புறுத்துகிறது. இதைக் கொண்டு பண்டைப் பெருமை பேசுவது இங்கே நோக்கமன்று. பயிற்சிப் பொருள்களின் பட்டியலை அமைத்தவருக்கு ஒவ்வொன்றின் எல்லையும் தெரிந்திருந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் ஷாரன் ஐன்ஸ்வொர்த் பலவகைச் சித்திரிப்புகள் கற்றலில் ஆற்றும் பணிகளை மூன்றாகப் பிரித்தார். ஒன்று சொல்லாததை மற்றொன்று சொல்லும். ஒன்றைத் தவறாகப் பொருள்கொள்வதை மற்றொன்று தடுக்கும். இரண்டையும் இணைக்கும்போது இரண்டிலும் இல்லாத ஆழமான புரிதல் பிறக்கும். மூன்றாவது பணி தானாக நிகழ்வதில்லை என்பதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின. இரண்டு படங்களை அருகருகே அச்சிட்டால் மாணவர் இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்துகொள்ளவும் கூடும். 2013இல் டேவிட் டிரீகஸ்ட், சி-யான் சூய் இருவரும் பதிப்பித்த உயிரியல் கல்வித் தொகுப்பில், மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைச் சேர்ந்த அன்வேஷ்ணா ஸ்ரீவாஸ்தவாவும் ஜெயஸ்ரீ ராமதாஸும் எழுதிய பகுதி இங்கே நினைக்கத்தக்கது. டி.என்.ஏ. அமைப்பை மனக்கண்ணில் காண ஏணி உவமையையும் கைச்சைகையையும் பயன்படுத்துவது பற்றியது அது. உள்ளங்கையைத் தளமாக நீட்டிக் காட்டும் ஒரு சைகை, புத்தகப் படத்துக்கும் முப்பரிமாண வடிவத்துக்கும் நடுவே பாலமாகிறது. செலவில்லாத பாலம்.

டி.என்.ஏ.வைப் பற்றிச் சொல்லும்போது ஒரு செய்தியை விட்டுவிட இயலாது. 1953இல் வாட்சன், கிரிக் கட்டுரையில் இடம்பெற்ற, ஓடில் கிரிக் வரைந்த அந்தப் புகழ்பெற்ற படத்தின் அடியிலேயே, இது வெறும் திட்டப்படம் என்ற எச்சரிக்கை இருந்தது. பாடநூல்கள் படத்தை எடுத்துக்கொண்டன; எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளவில்லை. தெளிவான, பாகங்கள் குறிக்கப்பட்ட படம் வரைக என்று கேட்கும் நம் தேர்வு வினாத்தாள் அந்தப் படத்தைத் திரும்ப வரையச் சொல்கிறது. படத்தில் எது மெய், எது வசதிக்காக வரைந்தது என்று கேட்பதேயில்லை. உயிரியலை வரைதல் தேர்வாக மாற்றிய இந்தப் பழக்கத்தின் விலையை ஆய்வுக்கூடத்துக்குள் முதன்முறையாக நுழையும் முனைவர் பட்ட மாணவர் செலுத்துகிறார்.

ராமச்சந்திரன் வரைபடத்தை வரிசை மாற்றாமல் கற்பிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கெட்டி அட்டையில் இரண்டு செவ்வகங்கள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பெப்டைடு தளத்தின் அணுக்களை வரைந்து, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் வரும் இடங்களில் அளவுக்கேற்ற களிமண் உருண்டைகளை ஒட்டலாம். இரண்டு அட்டைகளும் சந்திக்கும் கார்பனுக்கு ஒரு களிமண் உருண்டை. அதிலிருந்து தீக்குச்சிகள் நான்கு திசையில். அட்டையோடு சேரும் இரண்டு குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டில் செருகினால் அட்டை அச்சைச் சுற்றித் திரும்பும். தீக்குச்சியும் வால்வு டியூப்பும் கொண்டு மாதிரி செய்யும் வழியை அரவிந்த் குப்தா 1980களிலேயே நாடெங்கும் பரப்பியிருக்கிறார். மூன்றாவது குச்சியில் பக்கச் சங்கிலியாக ஓர் உருண்டை. மாணவர் இருவர், ஒருவர் அட்டைகளைத் திருப்பி, உருண்டைகள் இடிக்கும் போதெல்லாம் கோணத்தைப் படிக்க, மற்றவர் வரைபடத் தாளில் அந்தக் கட்டத்தை அடைக்கிறார். ஒரு வகுப்பு நேரத்தில் கரடுமுரடான ஒரு சதுரம் வந்துவிடும். அது பாடநூல் படத்தை அச்சாக ஒத்திருக்காது. களிமண் உருண்டையின் அளவைச் சற்றுக் குறைத்தால் அனுமதிக்கப்பட்ட பகுதி விரியும், கூட்டினால் சுருங்கும். ரிச்சும் கிரிக்கும் எழுப்பிய கேள்வி அப்போது மாணவரின் மேசைக்கே வந்துசேரும். பிறகு பக்கச் சங்கிலி உருண்டையைப் பிடுங்கிவிட்டு மீண்டும் திருப்பச் சொன்னால் கிளைசின். பாடநூல் படத்தை அதற்குப் பிறகு திறக்கலாம்.

கணினித் திரையில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் அட்டையும் தீக்குச்சியும் எதற்கு என்ற கேள்வி எழும். திரையில் கிடைப்பதாலேயே தேவை கூடியிருக்கிறது. ஆல்ஃபாஃபோல்டு முன்கணிக்கும் அமைப்புகளில் நீலம் என்றால் நம்பகம் மிகுதி, செம்மஞ்சள் என்றால் மிகக் குறைவு. செம்மஞ்சள் நிறத்தில் அவிழ்ந்த நூல்போல் சுற்றும் பகுதியை அப்புரதத்தின் மெய்யான வடிவமாக எடுத்துக்கொண்டு கருத்தரங்கில் காட்டுவோர் உண்டு. நிறம் அங்கே வடிவத்தைப் பற்றிய செய்தியன்று. வடிவத்தின் மேல் வைக்கத்தக்க நம்பிக்கையைப் பற்றிய செய்தி. 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று சேரும் ஒவ்வொரு படிக அமைப்புக்கும் ராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே விழும் அமினோ அமிலங்கள் எத்தனை என்ற கணக்கு தரப்படுகிறது. அந்தக் கணக்கைப் படிக்கும்போது, வெளியே விழுந்தது அமைப்பைத் தீர்த்தவரின் பிழையா, அல்லது அந்த இடத்தில் புரதம் ஏதோ காரணத்துக்காக மெய்யாகவே நெருக்கத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். நான்கு கால்பகுதிகளின் பெயர்கள் அதற்கு உதவுவதில்லை.

மூலக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் மாணவருக்கு இன்னொரு தடையும் காத்திருக்கிறது. 1960களின் வழக்கில் முழுவதும் நீட்டிய சங்கிலியைச் சுழியாகக் கொண்டு, கோணங்களை 0 முதல் 360 வரை குறித்தனர். 1970 வாக்கில் அளவுமுறை மாறி, இன்றைய −180 முதல் +180 வரையிலான முறை நிலைபெற்றது. ஆகவே இன்றைய பாடநூலில் −57, −47 என்று நிற்கும் அதே ஆல்ஃபா சுருள், அந்தக் காலக் கட்டுரையில் 123, 133 என்று நிற்கும். எண்களை மட்டும் அறிந்தவருக்கு இவை இரண்டு சுருள்கள். அட்டைகளை ஒரு முறை முழுதாக நீட்டி, அங்கிருந்து எண்ணத் தொடங்கிப் பார்த்தவருக்கு ஒன்றே.